வீட்டிலிருந்து 2,700 அடியில் எரிவாயுக் கிணறு: மாநிலத்திடம் கேட்பதா, மத்திய அரசிடம் கேட்பதா?

வாணி (வாஷிங்டன் கவுண்டி, பென்சில்வேனியா)

அனைவருக்கும் வணக்கம். பிட்ஸ்பர்க்குக்குத் தெற்கே வாஷிங்டன் கவுண்டியில் போன ஆண்டு வீடு வாங்கினோம். குழாய்த் தண்ணீர் கிடையாது, சொந்த ஆழ்துளைக் கிணறுதான். சென்ற வாரம் பதிவுத் தபாலில் ஒரு கடிதம் வந்தது. பக்கத்துப் பண்ணையில் ஃப்ராக்கிங் முறையில் (ஆழத்துப் பாறையை அதிக அழுத்தத்தில் செலுத்தும் திரவத்தால் பிளந்து) எரிவாயு எடுக்க மாநில அரசிடம் அனுமதி கேட்டிருப்பதாக ஒரு நிறுவனம் தெரிவித்திருக்கிறது. கூடவே வந்த வரைபடத்தில் எங்கள் கிணற்றுக்கும் துளையிடும் இடத்துக்கும் 2,700 அடி என்று போட்டிருக்கிறார்கள். நேராக இறங்கும் துளை ஆழத்தில் திரும்பி, கிடைமட்டமாக எங்கள் வீட்டுக்கு அடியிலேயே போகிறது. நிலத்தடிக் கனிம உரிமை பல தலைமுறைகளுக்கு முன்பே விற்கப்பட்டுவிட்டது, ஆகவே ராயல்டி என்று எங்களுக்கு எதுவும் வராது.

கடிதத்தோடு இன்னொரு தாளும் இருந்தது. எங்கள் கிணற்று நீரை இலவசமாகப் பரிசோதிக்க ஆள் அனுப்பச் சம்மதமா என்று கேட்கிறார்கள். நாளைக்கு நமக்கு எதிராகத் திரும்பிவிடும், கையெழுத்துப் போடாதே என்கிறார் என் கணவர்.

டவுன்ஷிப் (உள்ளூராட்சி) அலுவலகத்தில் விசாரித்தால், இது மாநிலத்தின் வேலை, எங்கள் கையில் ஒன்றும் இல்லை என்கிறார்கள். மத்திய அரசு அலுவலகம் ஒன்றை அழைத்தேன், மாநிலத் துறையிடம் பேசுங்கள் என்றார்கள். அலுவலக நண்பரோ, ஜனாதிபதி நினைத்தால் ஒரே கையெழுத்தில் நிறுத்திவிடலாம் என்கிறார். உண்மையில் அதிகாரம் யாரிடம் இருக்கிறது? குடிநீர் என்று வந்துவிட்டால் மத்திய அரசின் சட்டம் காப்பாற்றாதா? பரிசோதனைக்குச் சம்மதிக்கலாமா? வீட்டில் இரண்டு சிறு குழந்தைகள். விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

மலர்விழி (ஸ்க்ரான்டன், பென்சில்வேனியா)

வாணி, சட்டத்தைப் பிறகு பார்ப்போம். முதலில் அந்தத் தாள். பரிசோதனைக்குச் சம்மதியுங்கள், தள்ளிப்போடாதீர்கள்.

கிணற்று நீர் மாதிரி எடுத்து ஆய்வகத்துக்கு அனுப்புவதுதான் என் தொழில். தண்ணீர் கெட்டுவிட்டது என்று யார் புகார் கொடுத்தாலும் எதிரில் இருப்பவர் கேட்கும் முதல் கேள்வி, "தோண்டுவதற்கு முன் எடுத்த முடிவு இருக்கிறதா?" என்பதுதான். இந்த மாநிலத்தின் கிணறுகள் பலவற்றில் மீத்தேன் இயற்கையாகவே உண்டு. பழைய அளவு கையில் இல்லையென்றால், முன்பே இருந்ததுதான் என்று சொல்லி வாயை அடைத்துவிடுவார்கள்.

உங்கள் கடிதத்தில் உள்ள 2,700 என்ற எண்ணைப் பாருங்கள். 2012-இல் வந்த மாநிலத்தின் 13-ஆம் எண் சட்டப்படி, செங்குத்துத் துளையிலிருந்து 3,000 அடிக்குள் கிணறு வைத்திருப்பவர்களுக்கு முன்னறிவிப்புத் தர வேண்டும். அதனால்தான் உங்களுக்குக் கடிதம் வந்தது. அதே சட்டத்தில் 2,500 அடி என்று இன்னொரு எல்லையும் இருக்கிறது. அதற்குள் இருக்கும் கிணற்றின் நீர், துளையிட்டு முடித்தோ பாறையைப் பிளந்தோ 12 மாதங்களுக்குள் கெட்டால், நிறுவனமே காரணம் என்று சட்டம் அனுமானித்துக்கொள்ளும். இல்லை என்று நிரூபிக்க வேண்டியது நிறுவனத்தின் பொறுப்பு. உங்கள் கிணறு அந்த எல்லைக்கு 200 அடி வெளியே இருக்கிறது. கிடைமட்டத் துளை உங்கள் சமையலறைக்கு நேர் கீழே போனாலும் அது கணக்கில் வராது, தூரத்தைச் செங்குத்துத் துளையிலிருந்துதான் அளப்பார்கள். ஆக, நிரூபிக்கும் சுமை முழுவதும் உங்கள் தலையில்தான் விழும். முன்பரிசோதனை உங்களுக்கு மற்றவர்களைவிட அதிகம் தேவை.

உங்கள் கணவரின் அச்சத்தைத் தள்ளிவிட முடியாது. கையெழுத்திடும் முன் தாளை வரி வரியாகப் படியுங்கள். மாதிரி எடுக்க அனுமதி என்பதைத் தாண்டி, இழப்பீட்டு உரிமையை விட்டுக்கொடுப்பது, நிலத்தைப் பயன்படுத்திக்கொள்ள விடுவது என்று ஏதாவது இருந்தால் அந்த வரியை அடித்துவிட்டுக் கையெழுத்திடுங்கள். அவர்கள் எடுக்கும் அதே நாளில், மாநில அங்கீகாரம் பெற்ற வேறோர் ஆய்வகத்துக்கு உங்கள் செலவில் இன்னொரு மாதிரியும் அனுப்புங்கள்.

ஆள் வரும்போது பக்கத்திலேயே நில்லுங்கள். நீர் மென்மையாக்கிக்கும் வடிகட்டிக்கும் முன்னால் உள்ள குழாயிலிருந்துதான் மாதிரி எடுக்க வேண்டும், சமையலறைக் குழாயில் எடுக்க விடாதீர்கள். குழாயில் தங்கியிருந்த பழைய நீர் வெளியேறி, வெப்பநிலையும் மின்கடத்தும் அளவும் நிலைக்கும்வரை தண்ணீரை ஓடவிட வேண்டும். மீத்தேனுக்கான சிறு கண்ணாடிக் குப்பியை வாளி நீருக்குள் மூழ்கடித்து நிரப்பி, உள்ளேயே மூடுவார்கள். பிறகு தலைகீழாகக் கவிழ்த்துப் பார்ப்பார்கள். ஒரு குமிழி தெரிந்தாலும் அந்த மாதிரி வீண், திரும்ப எடுக்கச் சொல்லுங்கள். குப்பிகள் பனிக்கட்டிப் பெட்டிக்குள் போக வேண்டும். யார் கையிலிருந்து யார் கைக்கு எப்போது போயின என்ற படிவத்தில் உங்கள் கண்முன்னே நேரம் எழுதப்பட வேண்டும். மீத்தேன், ஈத்தேன், குளோரைடு, பேரியம், ஸ்ட்ரான்ஷியம், புரோமைடு, கரைந்துள்ள மொத்த உப்பு இவை எல்லாம் பட்டியலில் இருக்கின்றனவா என்று பாருங்கள். மீத்தேன் லிட்டருக்கு 7 மில்லிகிராமைத் தொட்டால் மாநிலச் சுற்றுச்சூழல் துறைக்குத் தகவல் போயாக வேண்டும். 28-ஐ நெருங்கினால் அதற்கு மேல் நீரால் வாயுவைப் பிடித்து வைத்திருக்க முடியாது, அது காற்றில் கலக்கும். மூடிய கிணற்றறையில் அது தீப்பிடிக்கும் ஆபத்து.

இனி உங்கள் பெரிய கேள்வி. 1974-இல் வந்த மத்திய அரசின் பாதுகாப்பான குடிநீர்ச் சட்டம், பூமிக்குள் திரவம் செலுத்துவதைக் கட்டுப்படுத்தும் அதிகாரத்தை மத்திய சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமைக்குக் கொடுத்தது. ஃப்ராக்கிங் அதில் அடங்காது என்று முகமை பல ஆண்டுகள் சொல்லிவந்தது. அலபாமாவில் நிலக்கரிப் படுகை மீத்தேனுக்காக நடந்த ஃப்ராக்கிங் தொடர்பான வழக்கில், 1997-இல் 11-ஆம் வட்ட மேல்முறையீட்டு நீதிமன்றம் அது அடங்கும் என்று தீர்ப்பளித்தது. 2005-இல் அமெரிக்க காங்கிரஸ் எரிசக்திக் கொள்கைச் சட்டத்தின் வழியாக அந்தத் தீர்ப்பின் வேரையே வெட்டியது. ஃப்ராக்கிங்குக்காகச் செலுத்தும் திரவமும் மணலும் டீசல் கலந்திருந்தால் ஒழிய அந்த விதிக்குள் வராது என்று எழுதிவிட்டார்கள். ஹாலிபர்ட்டன் ஓட்டை என்று இங்கே எல்லோரும் சொல்வது இதைத்தான். அன்றைய துணை ஜனாதிபதி டிக் செனி முன்பு தலைமை வகித்த நிறுவனத்தின் பெயர் அது. ஓட்டையை அடைக்க 2009-இல் கொண்டுவந்த மசோதா நிறைவேறவில்லை.

உங்களுக்கு இன்னொன்றும் தெரிய வேண்டும். அந்தச் சட்டத்தின் குடிநீர்த் தர அளவுகள் பொது விநியோகத்துக்கு மட்டுமே பொருந்தும், ஒரு வீட்டின் சொந்தக் கிணற்றுக்குப் பொருந்தாது. பென்சில்வேனியாவிலும் வீட்டுக் கிணற்றை எப்படிக் கட்ட வேண்டும் என்று மாநிலம் முழுமைக்குமான விதி கிடையாது. 30 லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் இப்படிப்பட்ட கிணற்று நீரைக் குடிக்கிறார்கள்.

ஜனாதிபதி விஷயம்: அவருடைய கையெழுத்து மத்திய அரசின் நிலங்களுக்குத்தான் செல்லும். இங்கே துளையிடுவது பெரும்பாலும் தனியார் நிலத்திலும் மாநிலக் காடுகளிலும். அந்த மத்திய நிலங்களில்கூட, 2015-இல் ஒபாமா அரசு கொண்டுவந்த ஃப்ராக்கிங் விதியை மறு ஆண்டே வயோமிங்கில் ஒரு மத்திய நீதிபதி, காங்கிரஸ் கொடுக்காத அதிகாரம் என்று சொல்லி ரத்து செய்தார். மேல்முறையீடு முடிவுக்கு வருவதற்குள் அரசு மாறி, 2017 டிசம்பரில் விதியே திரும்பப் பெறப்பட்டது.

டவுன்ஷிப்காரர்கள் சொன்னதை மட்டும் ஏற்காதீர்கள். எப்படித் தோண்டுவது என்பது மாநிலத்தின் கையில், எங்கே தோண்டுவது என்பதில் டவுன்ஷிப்புக்கும் அதிகாரம் உண்டு. 13-ஆம் எண் சட்டம் முதலில் அந்த அதிகாரத்தையும் பறித்தது. குடியிருப்புப் பகுதி உட்பட எல்லா மண்டலங்களிலும் துளையிடலை அனுமதித்தே ஆக வேண்டும் என்றது. அதை எதிர்த்து வழக்குப் போட்ட ராபின்சன் டவுன்ஷிப் உங்கள் வாஷிங்டன் கவுண்டியில்தான் இருக்கிறது. 2013 டிசம்பர் 19 அன்று மாநில உச்ச நீதிமன்றம் அந்தப் பிரிவுகளை நீக்கியது. தூய காற்றும் தூய நீரும் மக்களின் உரிமை என்று 1971-இல் மாநில அரசியலமைப்பில் சேர்த்த முதல் பிரிவின் 27-ஆம் உட்பிரிவு அந்தத் தீர்ப்புக்கு முக்கிய அடிப்படை. அண்டை டவுன்ஷிப் வென்று கொடுத்த உரிமை இது. உங்கள் டவுன்ஷிப்பில் நிபந்தனைகளோடு துளையிட அனுமதிப்பது பற்றிய பொது விசாரணை எப்போது என்று எழுத்து மூலம் கேளுங்கள்.

இராசேந்திரன் (மிட்லண்ட், டெக்சாஸ்)

மலர்விழி அவர்கள் சொன்ன பரிசோதனை முறை மிகச் சரி, அப்படியே செய்யுங்கள். 2005 திருத்தத்தைப் பற்றி மட்டும் மறுபக்கத்தைச் சொல்கிறேன். இங்குள்ள எண்ணெய் வயலான பெர்மியன் படுகையில் துளையிடும் பொறியாளராக இருக்கிறேன்.

நிலத்தடி மண்ணும் பாறையும் மாநிலத்துக்கு மாநிலம் வேறு. உங்கள் மார்செல்லஸ் என்ற ஷேல் பாறை (எரிவாயு அடங்கிய களிப்பாறை) ஒரு மைலுக்கும் கீழே, நடுவில் மீத்தேன் கசியும் அடுக்குகளோடு இருக்கிறது. எங்களுக்கு இங்கே எண்ணெயோடு பல மடங்கு உப்பு நீரும் மேலே வருகிறது, எங்கள் தலைவலி அந்த நீரை எங்கே விடுவது என்பதுதான். டெக்சாஸில் ரயில்வே கமிஷன் 1919-இலிருந்து எண்ணெய், எரிவாயுக் கிணறுகளைப் பார்த்துவருகிறது. துளைக்குள் இறக்கும் கேசிங் குழாய், சிமென்ட் பற்றிய விதிகளை 2013-இல் கடுமையாக்கியது. தலைநகர் வாஷிங்டனில் உட்கார்ந்து எழுதும் ஒரே விதி இந்த இரண்டு இடங்களுக்கும் எப்படிப் பொருந்தும்?

நீர் கெடுவது பெரும்பாலும் பிளந்த பாறை மேலே எழும்பி வருவதால் அல்ல. குழாயைச் சுற்றி ஊற்றிய சிமென்ட் சரியாகப் பிடிக்காததால், அல்லது மேல்தரையில் சிந்துவதால். இதை வேலை நடக்கும் நாளில் நேரில் நின்று பார்க்க வேண்டியது மாநில ஆய்வாளர்தான்.

டவுன்ஷிப் அதிகாரத்திலும் எனக்குத் தயக்கம் உண்டு. 2014 நவம்பரில் டெண்டன் நகர மக்கள் வாக்களித்து ஃப்ராக்கிங்கைத் தடை செய்தார்கள். அப்போது அந்தக் கனிம உரிமைக்குச் சொந்தக்காரர்கள் என்ன செய்வது? 2015 மே மாதம் மாநிலச் சட்டமன்றத்தின் 40-ஆம் மசோதா சட்டமாகி, அத்தகைய தடைகளுக்கு முற்றுப்புள்ளி வைத்தது. சத்தம், விளக்கு, லாரிப் போக்குவரத்து போன்ற மேல்தரை விஷயங்களில் நியாயமான விதிகளை நகரங்கள் இன்றும் போடலாம். இது நியாயமான பங்கீடு என்பது என் எண்ணம்.

மலர்விழி

இராசேந்திரன் ஐயா, சிமென்ட் பற்றி நீங்கள் சொன்னது முழு உண்மை, நானும் அதைத்தான் பார்க்கிறேன். பாறை மாநிலத்துக்கு மாநிலம் வேறு என்பதையும் மறுக்கவில்லை. ஆனால் மத்திய சட்டம் என்றால் வாஷிங்டனில் எழுதும் ஒரே விதி என்று ஏன் நினைக்கிறீர்கள்?

உங்கள் உப்பு நீரையே எடுத்துக்கொள்வோம். அதைக் கழிவுக் கிணற்றில் செலுத்த டெக்சாஸில் அனுமதி தருவது ரயில்வே கமிஷன். அந்த அதிகாரம் 1974 குடிநீர்ச் சட்டத்தின் கீழ் முகமையின் ஒப்புதலோடு 1982-இல் கமிஷனுக்கு வந்தது. குறைந்தபட்ச அளவை மத்திய அரசு வைக்கும், அதற்குக் குறையாமல் மாநிலம் தன் பாறைக்கு ஏற்ப விதி எழுதி நடத்தும். நடத்த முன்வராத மாநிலத்தில் முகமையே நேரடியாக நடத்தும். எங்கள் பென்சில்வேனியாவில் கழிவுக் கிணறுகளுக்கு முகமைதான் அனுமதி தந்துவந்திருக்கிறது. இந்த ஏற்பாட்டால் உங்கள் தொழில் முடங்கிவிடவில்லையே. ஆக, ஒரு கிணற்றிலிருந்து வெளியே வந்த நீர் இன்னொரு கிணற்றில் இறங்கும்போது மத்திய சட்டம் கூடவே இறங்குகிறது. அதே நீர் ரசாயனம் கலந்து, பாறையைப் பிளக்கும் அழுத்தத்தில் முதன்முதலில் இறங்கும்போது அந்தச் சட்டம் வாசலிலேயே நின்றுவிடுகிறது. இதற்கு நிலவியல் காரணம் ஒன்றும் கிடையாது, 2005-இல் போட்ட வாக்குகள்தான் காரணம். ஆபத்தில்லை என்பதற்கு 2004-இல் முகமை வெளியிட்ட ஆய்வு ஒன்றைக் காட்டினார்கள். அந்த ஆய்வு பார்த்தது நிலக்கரிப் படுகைகளை, எங்கள் ஷேல் பாறையை அல்ல.

மாநில எல்லையைத் தண்ணீர் மதிப்பதில்லை என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். மேற்கு வர்ஜீனியாவில் பிறந்து வாணியின் ஊர்ப் பக்கமாக வடக்கே ஓடும் மொனோங்கஹீலா ஆற்றில் 2008-இல் உப்பளவு ஏறியது. துளையிடும் கழிவு நீரை நகராட்சிச் சாக்கடைச் சுத்திகரிப்பு நிலையங்கள் வழியாக ஆற்றில் விட்டுக்கொண்டிருந்தார்கள், உப்பைப் பிரிக்கும் திறன் அவற்றுக்குக் கிடையாது. 2011-இல் மாநிலம் நிறுவனங்களிடம் தாமாக நிறுத்திக்கொள்ளும்படி கேட்டுக்கொண்டது. ஷேல் கழிவு நீரை அப்படி அனுப்பக் கூடாது என்ற கட்டாய விதி 2016-இல் முகமையிடமிருந்துதான் வந்தது.

எங்கள் பக்கத்து டிமாக் ஊரை மறக்கவே முடியாது. 2009 ஜனவரி முதல் நாள் ஒரு வீட்டின் கிணற்றறை வெடித்தது. மாநிலத் துறை விசாரித்தது, அந்த வட்டாரத்தில் புதிய துளையிடலைத் தடுத்தது. 2011 முடிவில் வீடுகளுக்கு நிறுவனம் கொண்டுவந்த மாற்று நீரை நிறுத்த அனுமதித்ததும் அதே துறை. 2012 ஜனவரியில் மத்திய முகமை நான்கு வீடுகளுக்குத் தண்ணீர் அனுப்பியது. பிறகு ஜூலையில் அதுவும் மேல்நடவடிக்கை தேவையில்லை என்று சொல்லி வெளியேறியது. மாநில அட்டர்னி ஜெனரல் தொடுத்த குற்ற வழக்கில் 2022 நவம்பரில்தான் குழாய்த் தண்ணீருக்காக 1.6 கோடி டாலருக்கு மேல் தர நிறுவனம் ஒப்புக்கொண்டது. கடைசியில் செய்தது மாநிலம்தான், அதை மனதாரச் சொல்கிறேன். அதற்குள் ஏறக்குறைய 14 ஆண்டுகள் போய்விட்டன. மூன்று வயதில் பாட்டில் தண்ணீர் குடிக்கத் தொடங்கிய குழந்தை பள்ளியின் கடைசி வகுப்புக்கு வந்துவிடும் காலம் அது. ஒருவர் கைவிட்டால் இன்னொருவர் கட்டாயமாக வந்தே தீர வேண்டும் என்று எழுதி வைத்த சட்டம் இருந்திருந்தால் இவ்வளவு காலம் ஆகியிருக்காது என்று உறுதியாக நம்புகிறேன்.

இராசேந்திரன்

கழிவுக் கிணற்றில் ஆண்டுக்கணக்கில் தொடர்ந்து செலுத்துகிறோம், அழுத்தம் கூடிக்கொண்டே போகிறது. ஃப்ராக்கிங் சில நாள்களில் அல்லது வாரங்களில் முடிந்துவிடும், செலுத்தியதில் ஒரு பகுதி திரும்பி மேலே வருகிறது. இரண்டையும் ஒரே தட்டில் வைப்பதை நான் ஏற்கவில்லை. ஓக்லஹோமாவைப் பாருங்கள். அங்கே நிலநடுக்கங்கள் பெருகக் காரணம் பெரும்பாலும் கழிவுக் கிணறுகள். மத்திய அரசின் குறைந்தபட்ச அளவு இருந்தும் அது நடந்தது. 2016 செப்டம்பர் 3 அன்று பாவ்னியில் 5.8 அளவிலான அதிர்வு வந்ததும் மாநில ஆணையம் உடனே சுற்றுவட்டாரக் கிணறுகளை மூடச் சொன்னது.

மலர்விழி

அதே நாளில் பக்கத்து ஓசேஜ் கவுண்டியில் மாநில ஆணையத்தால் ஒரு கிணற்றைக்கூட மூட முடியவில்லை, ஐயா. அது ஓசேஜ் பழங்குடியினரின் கனிமப் பகுதி, அங்கே அதிகாரம் மத்திய முகமையிடம். அவர்கள் தனியாக உத்தரவு போட்டார்கள். இருவரும் பேசிச் செய்ததால் வேலை நடந்தது. எனக்கு வேண்டியதும் அதுதான். நாள் கணக்கு பற்றிய உங்கள் வாதத்தில் நியாயம் இருக்கிறது. அதனால் குறைந்தபட்ச விதி கழிவுக் கிணற்றுக்கு ஒன்றாகவும் ஃப்ராக்கிங்குக்கு வேறாகவும் இருக்கலாம். விதியே இல்லாமல் இருப்பதை மட்டும் என்னால் ஏற்க முடியாது.

குமரன் (பிங்கம்டன், நியூயார்க்)

எல்லைக்கு இந்தப் பக்கத்திலிருந்து ஒரு வார்த்தை. எங்கள் காலடியிலும் அதே மார்செல்லஸ் பாறைதான். டிரைடன் போன்ற சிற்றூர்கள் நிலப் பயன்பாட்டு விதி மூலம் தடை போட்டதை 2014 ஜூனில் எங்கள் உச்ச மேல்முறையீட்டு நீதிமன்றம் ஏற்றது. அதே ஆண்டு டிசம்பரில் ஆளுநர் குவோமோ அரசு மாநிலம் முழுவதும் தடை என்று அறிவித்தது, 2020-இல் அது சட்டமாகவே ஆனது. என் பக்கத்துப் பால் பண்ணைக்காரருக்கு இது பெரிய மனக்குறை. அரை மணி நேரப் பயணத்தில் பென்சில்வேனியா விவசாயி ராயல்டி வாங்குகிறார், இவர் மாடுகளை விற்றுக்கொண்டிருக்கிறார். அவரைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஆனால் என் கிணற்று நீரை நினைத்தால் தடை இருப்பதுதான் நிம்மதி.

மாநிலமா மத்திய அரசா என்று இரண்டாக மட்டும் பிரிக்க வேண்டாம் என்பதற்காகவும் எழுதுகிறேன். டெலவேர் ஆற்றுப் படுகை ஆணையத்தில் நான்கு மாநிலங்களும் மத்திய அரசும் 1961 ஒப்பந்தப்படி ஒன்றாக உட்காருகின்றன. 2021 பிப்ரவரியில் அந்தப் படுகை முழுவதும் ஃப்ராக்கிங்கை ஆணையம் தடை செய்தது. நான்கு மாநிலங்களும் ஆதரித்தன, மத்திய அரசு வாக்களிக்காமல் ஒதுங்கியது. பென்சில்வேனியாவின் ஒரு பகுதியில் தடை, மறுபகுதியில் அனுமதி. ஆறு எந்தப் பக்கம் ஓடுகிறது என்பதைப் பொறுத்து விதி மாறுகிறது.

வாணி

எல்லோருக்கும் நன்றி. மலர்விழி அக்கா, கணவரிடம் நீங்கள் எழுதியதைக் காட்டினேன். அந்தத் தாளின் பின்பக்கத்தில் சாலை ஓரத்தைப் பயன்படுத்தும் அனுமதி என்று ஒரு வரி இருந்தது, அதை அடித்துவிட்டுக் கையெழுத்திட்டோம். டவுன்ஷிப்புக்கு எழுத்தில் கேட்டதும் விசாரணைத் தேதி வந்துவிட்டது, அடுத்த மாதம். அங்கே போய் என்ன கேட்பது?

மலர்விழி

அந்த வரியைக் கண்டுபிடித்தது நல்லது, வாணி. அடித்த இடத்தில் இருவரும் சுருக்கொப்பம் இட்டு, ஒரு பிரதியை வைத்துக்கொள்ளுங்கள்.

விசாரணை தொடங்கும்போதே உங்களை வழக்கின் ஒரு தரப்பாகப் பதிவு செய்யும்படி கேளுங்கள். பார்வையாளராக மட்டும் பேசினால் பிறகு மேல்முறையீடு செய்வது கடினம். மேல்முறையீட்டுக்கு 30 நாள்கள்தான் தருவார்கள். ஃப்ராக்கிங்கே கூடாது என்று வாதிட வேண்டாம், அதை முடிவு செய்யும் அதிகாரம் அந்தச் சபைக்கு இல்லை என்று ஒரே வார்த்தையில் ஒதுக்கிவிடுவார்கள். துளையிடும் திடலை இன்னும் தள்ளி அமைக்க முடியுமா, கிடைமட்டத் துளை போகும் வழியில் உள்ள எல்லாக் கிணறுகளையும் முன்னும் பின்னும் பரிசோதிப்பார்களா, பள்ளி பஸ் நேரத்தில் லாரிகளை நிறுத்தி வைப்பார்களா என்று நிறுவனத்தின் பிரதிநிதியை நேராகக் கேளுங்கள். அவர் ஒப்புக்கொண்டால் அதை அனுமதியின் நிபந்தனையாக எழுதும்படி அப்போதே கோருங்கள்.

பின்னால் நீரின் நிறமோ மணமோ மாறினால் மாநிலத் துறைக்கு அன்றைக்கே புகார் கொடுங்கள். 10 நாள்களுக்குள் அவர்கள் விசாரணையைத் தொடங்கி, 45 நாள்களுக்குள் முடிவு சொல்ல வேண்டும் என்பது அதே 13-ஆம் எண் சட்டம். நிறுவனம்தான் காரணம் என்று துறை முடிவு செய்தால் மாற்று நீருக்கான பொறுப்பு நிறுவனத்துடையது. ஆய்வக முடிவுகள் கைக்கு வந்ததும் எண்களை இங்கே போடுங்கள், சேர்ந்து பார்ப்போம்.